பட்டாளத்து அட்டை

குடியாத்தம் பக்கம் எங்களுக்கு இருந்தது மானாவாரி நிலம். வேர்க்கடலை, கேழ்வரகு போடுவோம். மழை இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் பொய்த்துவிட, 1967இல் பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கும் மதராஸ் சாப்பர்ஸ் மையத்தில் ஆள் எடுப்புக்குப் போய் நின்றேன். பட்டாளத்தில் எங்களைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது எங்கள் வேலை.

1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போரின்போது 9வது பொறியாளர் ரெஜிமென்ட்டோடு ஷகர்கர் பகுதியில் இருந்தேன். 15ஆம் தேதி இரவு காலாட்படை பசந்தர் ஆற்றைக் கடந்துவிட்டது. பின்னாலேயே டாங்கிகள் போயாக வேண்டும். நடுவில் பல நூறு கெஜத்துக்குக் கண்ணிவெடி புதைத்திருந்தார்கள். குப்புறப் படுத்து, கம்பியைச் சாய்வாக மண்ணில் செலுத்துவோம்; ஏதாவது தட்டுப்பட்டால் கையால் மண்ணை விலக்குவோம். நேராகக் குத்தினால் வெடித்துவிடும். கடலை பிடுங்கிய வயலில் தப்பிய காயை விரலால் துழாவி எடுக்க அம்மா எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கியிருந்தாள். அந்த விரல்தான் அன்றைக்கு உதவியது.

அக்கரையில் எதிரி டாங்கிகளின் நடமாட்டம் தெரிந்ததும், பாதை முழுசாகத் தயாராகும் முன்பே 17 பூனா ஹார்ஸ் டாங்கிகள் உள்ளே இறங்கிவிட்டன. என்ன துணிச்சல்! மறுநாள் சண்டையில் அந்தப் படையின் செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்ரபால் 21 வயதில் உயிர்விட்டார். பரம்வீர் சக்ரா பெற்ற அவரை நாடே அறியும். கண்ணிவெடிக்கு நடுவே எங்களோடு நின்று அந்தப் போரிலேயே மாண்ட எங்கள் மேஜர் விஜய் ரத்தன் சவுத்ரிக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. அவர் பெயரும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வரவேண்டும் என்பது என் ஆசை.

1982இல் பென்ஷனோடு திரும்பினேன். நிலம் தங்கைகளின் கல்யாணத்துக்குப் போயிருந்தது. கோலார் தங்கவயலில் மாமா வேலை செய்துகொண்டிருந்தார். வெடி மருந்து பழகியவன் என்பதால் எனக்கும் சுரங்கத்தில் வேலை கிடைத்தது.

சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கம் 3 கி.மீ.க்கும் அதிகமான ஆழம். கூண்டில் இறங்க இறங்கச் சூடு ஏறும். வெடி வைத்தால் எழும் கல் தூசி மூக்கிலும் தொண்டையிலும் அப்பிக்கொள்ளும். அதைவிடப் பயங்கரம் ‘ஏர் பிளாஸ்ட்’. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். மேலே தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் பாத்திரங்கள் உருளும். பெண்கள் போட்டது போட்டபடி சாஃப்ட் வாசலுக்கு ஓடி வருவார்கள். யார் வீட்டு ஆள் என்று தெரியும்வரை அங்கே யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். போர்முனையில் குண்டு வரும் திசையாவது தெரியும். சுரங்கத்தில் தலைக்கு மேலிருக்கும் பாறையையே நம்ப முடியாது.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து எங்கள் ஜனங்கள் வெட்டியெடுத்த தங்கம் சுமார் 800 டன். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். கையில் ஒரு தொகை வந்தது. பாதி கடனுக்கே போயிற்று. பிள்ளைகள் மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலை தேடி ஓடினார்கள். இன்றும் அந்த ரயிலில் நிற்க இடம் கிடைப்பதில்லை. காற்று அடித்தால், தங்கம் பிரித்தெடுத்த கழிவைக் கொட்டிய சயனைடு மேடுகளின் தூள் வீட்டுக்குள் வந்து சோற்றில் விழுகிறது.

2003இல் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் வந்தது. எனக்கு அட்டை கிடைத்தது. மூச்சு வாங்கினால் காட்டிக்கொள்ள ஆஸ்பத்திரி உண்டு, மாத்திரை உண்டு. அடுத்த லைனில் இருந்தவர் என்னோடு ஒரே ஷிஃப்டில் இறங்கியவர். எனக்கிருந்த அதே இருமல்தான் அவருக்கும். “இன்னாணா, உனக்குப் பட்டாளத்து ஆஸ்பத்திரி இருக்குது. நான் எங்கே போவேன்?” என்று கேட்டார். அடுத்த தீபாவளியைப் பார்க்காமலே போய்விட்டார்.

என் நுரையீரல் கெட்டது பசந்தர் ஆற்றங்கரையில் அல்ல, சுரங்கத்தில். வைத்தியம் கிடைப்பதோ பட்டாளத்தில் இருந்ததற்காக. சுரங்கத்தில் மட்டுமே உழைத்தவனுக்கு அது இல்லை. இது அநியாயம். மத்திய அரசை நான் கேட்பது ஒன்றுதான்: தங்கச் சுரங்கத்தில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் எனக்குக் கொடுத்தது போன்ற ஒரு மருத்துவ அட்டையைக் கொடுங்கள். உயிரோடு இருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், உடனே கொடுங்கள்.