மஞ்சள் வட்டம்

ஓய்வு பெறுவதற்குச் சில நாள் முன்பு என் மேசைக்கு ஓர் ஆய்வேடு வந்தது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தட்டில் மஞ்சளின் குர்குமினுக்கு 18 மி.மீ. ஸோன் (கிருமி வளராத வட்டம்), ஜென்டாமைசின் ஆன்டிபயாட்டிக்கை எட்டிப் பிடித்துவிட்டது என்று அட்டவணை. கரைப்பானான டிஎம்எஸ்ஓவை மட்டும் விட்ட டிஸ்க் எங்கே என்றேன். “அதெல்லாம் இப்ப யாரும் போடறதில்ல சார்” என்றார் பையன். நான் கையெழுத்துப் போடவில்லை. வேறொருவர் போட்டார்.

ஜென்டாமைசின் டிஸ்க்கில் இருப்பது 10 மைக்ரோகிராம். பையன் ஏற்றியதோ மில்லிகிராம் கணக்கில். இதற்குப் பெயர் எட்டிப் பிடிப்பதா? அது கிடக்கட்டும். குர்குமின் தண்ணீரில் கரையாத சரக்கு. அகாரின் ஈரம் பட்டதும் டிஸ்க்கின் விளிம்பிலேயே மஞ்சளாகத் திரிந்து நின்றுவிடும், பரவாது. ஓமத்தின் தைமாலோ ஆவியாகி மூடிக்குள் சுற்றிவந்து வட்டத்தைப் பெருக்கும். இரண்டையும் ஒரே ஸ்கேலால் அளந்து, தைமால்தான் வீரியம் என்று எழுதுகிறவர்களுக்கு என்ன சொல்ல?

சரி, வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்ச அளவை, எம்ஐசியைப் பார்ப்போம் என்று 96 குழித் தட்டுக்குப் போனால் அங்கேயும் இந்த மஞ்சள் விடாது. அடியில் படிந்த துகளை ரீடர் கலங்கல் என்று படிக்கும். ரெசசூரின் சாயம் விட்டால் வளர்ச்சி இல்லாத குழி நீலமாக நிற்க வேண்டும். நீலமும் மஞ்சளும் கலந்து பச்சையாக நிற்கும். இளஞ்சிவப்பாக வேண்டியது ஆரஞ்சாகும். பல வருஷம் என்னை உட்காரவிடாத குழிகள் இவை. கடைசியில் ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்துப் புது அகாரில் வைத்து, மறுநாள் காலனி எழுந்ததா என்று பார்ப்பதில் வந்து நின்றேன். அது கொன்ற அளவைத்தான் சொல்லும், தடுத்த அளவை அல்ல. ஆனாலும் நிறத்தைப் பார்த்து ஏமாறாது.

வெளிச்சம் வேறு. நீல ஒளி பட்டால் குர்குமின் கூடுதலாகக் கொல்லும். அதனால் தட்டுகளை ஃபாயிலில் சுற்றித்தான் வைப்பேன். சீரம் இல்லாத நடுநிலை பஃபரில், 37 டிகிரியில், அரை மணியில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துபோகிற பொருள் இது. பிறகு இன்குபேட்டரில் 18 மணி நேரம் எதைத்தான் சோதிக்கிறோம்? குர்குமின் எப்படியெல்லாம் சோதனைகளை ஏமாற்றும் என்று 2017இல் ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரியில் விரிவாகவே எழுதினார்கள். எங்கள் பக்கம் யார் படித்தார்கள்?

இப்போது ஸோனைக் கைபேசியில் படமெடுத்து அளக்கிறார்கள், அளக்கட்டும். முல்லர்-ஹின்டன் அகாரை 4 மி.மீ. கனத்துக்கு ஊற்று என்றால் கண்ணளவில் ஊற்றுகிறார்கள். கிருமிக் கலவையின் கலங்கலை 0.5 மக்ஃபார்லண்டோடு ஒப்பிடாமலே ஸ்வாப் இழுக்கிறார்கள். அகார் மெலிந்தாலும் விதைப்பு குறைந்தாலும் வட்டம் தானே பெருக்கும்; பெருத்த வட்டத்துக்குத்தான் அச்சில் இடம். ஆட்டோகிளேவுக்குக் கேஸ்கெட் மாற்றக் காசில்லை என்ற துறையில், ஆய்வேட்டுக்குக் கலர் பிரின்ட் போட மட்டும் எப்போதும் இருந்தது.