பெட்டிக்குள்ளே 4, கணக்கிலே 2



கொஞ்சம் நீளமான பதிவு. எங்கள் பாடசாலைக் கணினி அறைக்குக் காசு தந்த எல்லோரும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். இதில் ஒரு கணக்கும் இருக்கிறது, ஒரு மன்னிப்பும் இருக்கிறது.

போன மாதம் பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குழுவில் நாங்கள் ஒரு செய்தி போட்டோம். "கண்டி டவுனில் வாங்கிய ரேம் எல்லாம் பழுது, ஏமாற்றிவிட்டார்கள்" என்று. அன்றிரவே அது அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை என்று பல குழுக்களுக்குப் போய்விட்டது. அந்தச் செய்தி பிழை. கடைக்கார நானா மீது எந்தக் குற்றமும் இல்லை. பிழை அறைக்குப் பொறுப்பான ஆசிரியர்களாகிய எங்கள் இருவருடையது.

நடந்ததைச் சொல்கிறோம்.

எங்கள் கணினிகள் பழையவை. ஒவ்வொன்றிலும் 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7. இணைய இணைப்பு இல்லாத அறை என்பதால் இன்னும் அதையே ஓட்டுகிறோம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய பிறகு புதுக் கணினி என்ற பேச்சையே விட்டுவிட்டோம். இரண்டு பிள்ளைகள் ஒரு கணினியில் உட்கார்ந்து, ஒரு கோப்பைத் திறந்துவிட்டு, ஹார்ட் டிஸ்க் விளக்கு மின்னுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 40 நிமிடப் பாடத்தில் 10 நிமிடம் அதிலேயே போகும். சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த 10 நிமிடம் சின்ன விஷயம் இல்லை.

அதனால்தான் பழைய மாணவர்கள் காசு சேர்த்துத் தந்தார்கள். பாவித்த 2 ஜிபி ரேம் 12 வாங்கி, கணினிக்கு ஒன்றாக மாட்டினோம். 2உம் 2உம் 4. ஆனால் கணினியின் விபரப் பக்கத்தைத் திறந்தால் "4 ஜிபி இருக்கிறது, பாவிக்கக்கூடியது 2 ஜிபி" என்று வந்தது. ஒன்றில் இல்லை, 12இலும் அப்படித்தான். கழற்றி, தங்க நிறப் பகுதியை அழிறப்பரால் துடைத்து மாட்டினோம். இடம் மாற்றி மாட்டினோம். மாற்றமே இல்லை. கடைக்கு அழைத்துக் கடுமையாகப் பேசினோம். "சேர், நான் ஒவ்வொன்றையும் மாட்டிப் பார்த்துத்தானே தந்த" என்றார் அந்த நானா. நாங்கள் கேட்கவில்லை. அன்று மாலைதான் அந்தச் செய்தியைப் போட்டோம்.

அடுத்த நாள் தரம் 10 பிள்ளை ஒருத்தி கணினியை ஓன் பண்ணும்போது பார்த்துக்கொண்டு நின்றாள். "சேர், முதல்ல வார கறுப்புத் திரையில 4096 எண்டு காட்டுது. விண்டோஸ் வந்த பிறகு 2 தான். இடையில எங்க போன?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில் எல்லாம் இருந்தது. கறுப்புத் திரை காட்டுவது மதர்போட் எண்ணிய கணக்கு. அது 4096 எம்பி, அதாவது முழு 4 ஜிபி என்றால் ரேம் நல்லது. விண்டோஸ்தான் பாதியை எடுக்க மறுக்கிறது. யாரோ அதற்கு அப்படிச் சொல்லி வைத்திருக்க வேண்டும். எம்எஸ்கொன்பிக்கைத் திறந்து, பூட் பக்கத்தில் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் போனோம். "மெக்சிமம் மெமரி" என்ற இடத்தில் டிக் போட்டு 2048 என்று எழுதியிருந்தது.

"இது நீங்களா போட்ட சேர்?" என்றாள்.

நாங்கள்தான். சில வருடங்களுக்கு முன், இந்த டிக்கைப் போட்டால் கணினி வேகமாக ஓடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எல்லாக் கணினியிலும் போட்டுவிட்டு மறந்துபோனோம். உண்மையில் அது வேகத்துக்கானது அல்ல. குறைந்த நினைவகத்தில் ஒரு மென்பொருள் எப்படி ஓடும் என்று சோதிப்பவர்களுக்காக வைத்திருக்கும் உச்சவரம்பு. அன்று 2 ஜிபிதான் இருந்ததால் அதன் பாதிப்பு தெரியவில்லை. புதுத் துண்டு வந்த பிறகுதான் தெரிந்தது.

பிள்ளைகளுக்கு இதை வரவு இடாப்பை வைத்து விளக்கினோம். கணினி எழும்பும்போது மதர்போட் ஒரு பட்டியலைக் கொடுக்கும்: இத்தனை நினைவகம், இன்ன இன்ன இடத்தில் இருக்கிறது என்று. இயங்குதளம் அதைப் பார்த்து, நினைவகத்தை 4 கேபி பக்கங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் பதிந்துகொள்ளும். லினக்ஸில் ஒரு பக்கத்துக்குப் பொதுவாக 64 பைட் பதிவு. 4 ஜிபிக்கு அந்த இடாப்பு மட்டுமே 64 எம்பி. ஜனவரியில் 35 பெயர் எழுதிக் கீழே கோடு கீறி மூடிவிட்டால், மே மாதம் வந்த பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், இடாப்பில் இருக்காது. நாங்கள் போட்ட டிக் அந்தக் கோடுதான்.

டிக்கை எடுத்து மீண்டும் ஓன் பண்ணினோம். இப்போது பாவிக்கக்கூடியது 3.2 ஜிபி அளவில் வந்தது. "மிச்சம் எங்க சேர்?" என்று மறுபடியும் கேள்வி. இதற்கும் காரணம் நாங்கள்தான். கணினி வந்த நாளில் கையிலிருந்த 32 பிட் விண்டோஸைப் போட்டுவிட்டோம். அது எண்ணக்கூடிய முகவரிகள் 4,294,967,296 மட்டுமே, அதாவது 4 ஜிபி. அதற்குள்தான் திரை, மற்றப் பாகங்கள் எல்லாவற்றுக்கும் முகவரி கொடுக்க வேண்டும். 8 ஜிபி மாட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. எங்கள் புரொசசர்கள் 64 பிட்டைத் தாங்கும். விடுமுறையில் 64 பிட் பதிப்பைப் போட்டுவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.

கணினியை நிறுத்தாமலே நினைவகம் கூட்டும் வழியும் உலகில் உண்டு. பெரிய சேர்வர்கள் சிலவற்றில் ஓடிக்கொண்டிருக்கும்போதே துண்டைச் செருகலாம். ஒரு பெரிய கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் மெய்நிகர் கணினிகளுக்கும் இடையில் கூட்டிக் கொடுக்கலாம். ஆனால் அங்கேயும் பெரும்பாலும் தொடங்கும்போதே "இப்போது 4 தருகிறேன், 32 வரை கூட்டலாம்" என்று உச்சத்தைச் சொல்லி வைத்திருக்க வேண்டும். சொல்லாமல் தொடங்கினால் நிறுத்தித்தான் கூட்ட வேண்டிவரும்.

வீட்டில் பழைய கணினி இருப்பவர்கள் ரேம் வாங்க முன் நான்கு விஷயம் பாருங்கள். ஒன்று, மதர்போட் எவ்வளவு வரை ஏற்கும். இரண்டு, இயங்குதளம் 32 பிட்டா 64 பிட்டா. மூன்று, எந்தப் பதிப்பு: 64 பிட் விண்டோஸ் 7 ஹோம் பேசிக் 8 ஜிபியோடு நின்றுவிடும், ஹோம் பிரீமியம் 16 வரை போகும். நான்கு, அந்த டிக். மாட்டிய பிறகும் கூடவில்லை என்றால், கடைக்காரரைத் திட்ட முன் கறுப்புத் திரையைப் பாருங்கள்.

சனிக்கிழமை நாங்கள் இருவரும் கடைக்குப் போனோம். நானா ஒன்றும் பேசாமல் பிளேன்டீ வரவழைத்தார். மன்னிப்புக் கேட்டோம். "சேர், எனக்குச் சொன்னது போதும். குழுவில வாசிச்ச ஆக்களுக்கும் சொல்லுங்க" என்றார். அவர் கேட்டது நியாயம். எங்கள் செய்தியை வாசித்துவிட்டு அவரிடம் வாங்காமல் போனவர்கள் எத்தனை பேரோ.

அதனால்தான் பெயர் சொல்லாமல் மறைக்காமல், பிழை எங்களுடையது என்று இங்கே எழுதுகிறோம். ரேம் 12உம் நன்றாக வேலை செய்கின்றன. வாங்கிய பில் அலுவலக அறிவித்தல் பலகையில் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம். உங்கள் காசு அமானிதம், அது வீணாகவில்லை.

அந்தப் பழைய செய்தியை எந்தக் குழுவுக்கு நீங்கள் அனுப்பியிருந்தாலும், தயவுசெய்து இந்தப் பதிவையும் அதே குழுவுக்கு அனுப்பிவிடுங்கள்.