சேனை கழித்துவிட்ட அறைகள்

ஜீனியா, ஒஹாயோ மாநிலம்
மே மாதம்

அன்புள்ள நண்பருக்கு,

வானொலிப் பித்துத் தங்களுக்கு உண்டேயன்றி எனக்கில்லை. ஆயினும் 1952-ல் டேட்டன் நகரில் தொடங்கி, 2017 முதல் இவ்வூர்ப் பொருட்காட்சித் திடலில் நடந்துவரும் ஹாம்வென்ஷன் என்னும் அமெச்சூர் வானொலிக்காரர் மகாநாட்டைப் பார்த்தெழுத வேண்டுமென்று தாங்கள் கேட்டுக்கொண்டபடியால், அங்கே பழஞ்சாமான் சந்தையில் அலைந்து கண்ட ஒரு விசேஷத்தை மட்டும் விஸ்தாரமாகத் தெரிவிக்கிறேன்.

அமெரிக்க ராணுவம் லாரிகளின்மேல் ஏற்றி நடமாடும் செய்தி நிலையங்களாக உபயோகித்துப் பின்னர் ஏலத்தில் கழித்துவிட்ட அலுமினிய அறைகளை இங்கே ‘ஷெல்டர்’ என்கிறார்கள். அவற்றில் எஸ்-280 என்பது பன்னிரண்டடி நீளத்துக்குப் பெரியது. இரண்டரை டன் லாரிக்கென்று செய்தது. எஸ்-250 என்பதோ அதைவிட மிகச் சிறியது. பிக்கப் வண்டியின் சக்கர மேடுகளுக்கிடையே பொருந்தும்படி அடிப்பாகம் ஒடுங்கியிருப்பதால் அமெச்சூர் வானொலி அன்பர்களுக்கு இதன்மேல்தான் மோகம் அதிகம். உள்ளே நிமிர்ந்து நிற்க இயலாது என்பது அவர்களுக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை.

இரண்டு அலுமினியத் தகடுகளுக்கிடையே நுரைப்பொருளை அடைத்து ஒட்டிய சுவர்கள். கதவைச் சுற்றிலும் கம்பி வலைப் பட்டி. காற்றுத் துவாரங்களில் தேனடைபோன்ற உலோகச் சல்லடை. மின்சாரம் நுழையுமிடத்தில் இரைச்சலை வடிகட்டும் சாதனம். இத்தனையும் மின்காந்த அலைகள் உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் கசியாதிருக்கும்பொருட்டு. கம்ப்யூட்டரும் மின்மாற்றுச் சாதனங்களும் எழுப்பும் இரைச்சல் ஏரியலை எட்டாமல் அறைக்குள்ளேயே அடங்கிவிடுவதால், தொலைதூரத்து மெல்லிய சமிக்ஞைகளையும் தெளிவாகக் கேட்க முடிகிறது. இந்த மதிப்பை அறியாத சிலர் வாங்கி வந்தவுடனே துளைக்கருவியை எடுத்துச் சுவரில் ஏரியல் கம்பிக்கொரு ஓட்டை, விசிறிக்கொரு ஓட்டை என்று போட்டுவிடுகிறார்கள். அந்த வழியே மழைநீர் இறங்கி நுரையில் ஊறித் தகடுகள் பிரிந்து உப்பிப்போன இரண்டொரு அறைகளையும் சந்தையில் கண்டு வருந்தினேன். விவேகிகள் செய்வது வேறு. ராணுவத்தார் கம்பிகளை நுழைப்பதற்கென்று வைத்த பலகையைக் கழற்றி, அதே அளவில் புதுத் தகடொன்றை வெட்டிப் பொருத்தி, வேண்டிய இணைப்புகளை அதிலேயே அமைத்துக்கொள்கிறார்கள். குறைவாக மாற்றியவனே நன்றாக மாற்றியவன் என்பது என் அபிப்பிராயம்.

எடை விஷயத்தில் மட்டும் இவர்கள் பேச்சை நம்புவதற்கில்லை. எஸ்-250-ன் வெற்றறையே ஏறக்குறைய முந்நூற்றைம்பது கிலோ. அதில் மேஜை, பாட்டரி, ரேடியோக்கள், குளிர்சாதனம், இரண்டு ஆட்கள் எல்லாம் சேர்ந்தபின், சிறிய பிக்கப் வண்டி பின்பக்கமாகக் குந்திக்கொண்டிருக்க, அதன் சொந்தக்காரரோ பாரமே இல்லை என்று சாதிக்கிறார்!

ஏரியல் தூக்கும் விதம் எனக்குப் பிடித்திருந்தது. மறைப்பு வலைகளைத் தாங்குவதற்கென்று ராணுவம் செய்த நான்கடிக் குழாய்களை ஒன்றன்மேலொன்றாகச் செருகிக் கம்பமாக்கி, அதன் உச்சியிலிருந்து 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய இருபது மீட்டர் நீளமுள்ள கம்பியைக் கட்டுகிறார்கள். உயரக் கட்டினால் அலை நெடுந்தூரம் போகுமாம். வேண்டுமென்றே சில மீட்டர் உயரத்தில் தாழக் கட்டினால் அது செங்குத்தாக மேலெழுந்து, வானமண்டலத்தில் பட்டுத் திரும்பிச் சுற்றுவட்டாரம் சில நூறு கிலோமீட்டருக்கு இடைவெளியின்றிப் பரவுமாம். விபத்துக் காலத்தில் பக்கத்து ஜில்லாவோடு பேசுவதல்லவா முக்கியம்? 1974 ஏப்ரல் 3-ந் தேதி சுழற்காற்றொன்று இவ்வூரின் பெரும்பகுதியைச் சிதைத்து முப்பதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அத்தகைய வேளையில் தந்திக் கம்பமும் டெலிபோனும் இருந்தவிடம் தெரியாது போகும் என்பதை இங்குள்ளவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

1933 முதல் ஜூன் மாதத்து நான்காவது முழு வாரக்கடைசியில் ‘ஃபீல்ட் டே’ என்று, அமெச்சூர்கள் ஊர் மின்சாரத்தை விட்டு வெட்டவெளிக்குச் சென்று நிலையம் அமைத்துப் பழகுகிறார்கள். உரிமம் பெற்றவர் அருகிலிருந்து மேற்பார்த்தால் என்போன்றவனும் பேசலாமென்று ஒரு ஷெல்டர் முதலாளி அழைத்திருக்கிறார். திரும்பும் டிக்கெட்டை ஜூலைக்கு மாற்றிவிட்டேன். காரணத்தை இன்னும் வீட்டில் சொல்லவில்லை, தாங்களும் சொல்லிவிடாதீர்கள்.

இங்ஙனம்,
தங்கள் அன்பன்