மயாமியில் ஒரு கியூபா விருந்து

(முன்னாள் மாணவி ஒருவர் எழுதியது)

வெளிநாடு சென்று திரும்பியவரிடம், "அங்கே என்ன பார்த்தாய்?" என்று கேட்பது உலக வழக்கம். "அங்கே என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்பதே பொருத்தம் என்பது என் எண்ணம். ஒரு நாட்டின் மலைகளையும் மாளிகைகளையும் படங்களிலேயே பார்த்துவிடலாம். அந்நாட்டு மக்கள் எதை உண்டு வளர்ந்தார்கள், எதை நினைத்து ஏங்குகிறார்கள் என்பதோ அவர்களுடைய உணவின் முன் அமர்ந்தால்தான் விளங்கும். சென்ற ஆண்டு எனக்கு அப்படியொரு வாய்ப்புக் கிட்டியது. அதை நம் பள்ளி மலரின் வாயிலாக உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

என் மகள் மேற்படிப்புக்காக அமெரிக்காவிலுள்ள மயாமி நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். அவளைக் கொண்டுபோய் விட நானும் உடன் சென்றேன். அறை தேடுவதிலும் பாத்திரம் பண்டம் வாங்குவதிலும் பத்து நாட்கள் ஓடிவிட்டன. நான் புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை, "அம்மா, இன்றைக்குச் சமைக்க வேண்டாம். இந்த ஊருக்கு வந்துவிட்டுக் கியூபா சாப்பாடு சாப்பிடாமல் போகலாமா?" என்று அழைத்தாள். எனக்கோ உண்ணும் மனநிலையே இல்லை. இருபத்திரண்டு வயதுப் பெண்ணைக் கடலுக்கு அப்பால் தனியே விட்டுச் செல்கிறோமே என்ற பாரம் நெஞ்சை அழுத்தியது. அவளுக்குக் கூற வேண்டிய புத்திமதிகளை மனத்தில் வரிசைப்படுத்திக்கொண்டே கிளம்பினேன்.

மயாமியிலிருந்து கியூபாவின் தலைநகரான ஹவானாவுக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்தான். 1959ஆம் ஆண்டு கியூபாவில் புரட்சி வெற்றி பெற்றபின், நாட்டைவிட்டு வெளியேறியவர்களில் பெரும்பாலோர் இந்நகரிலேயே தங்கினர். ஆகவே மயாமியின் எட்டாம் தெருவில் நடந்தால் காதில் விழுவதெல்லாம் ஸ்பானிய மொழியே! அத்தெருவில்தான் 'வெர்சாய்' என்னும் புகழ்பெற்ற உணவகம் இருக்கிறது. கியூபாவின் சாந்தியாகோ நகரில் பிறந்து 1960இல் மயாமிக்கு வந்த ஃபெலிப்பே வால்ஸ் என்பவர் 1971இல் அதைத் தொடங்கினார். பிரெஞ்சு அரசர்களின் அரண்மனைப் பெயரை வைத்ததற்கேற்பச் சுவரெங்கும் கண்ணாடிகள், மேலே சரவிளக்குகள். வெளிப்புறச் சுவரில் ஒரு சன்னல். அதன்முன் முதியவர்கள் கூட்டமாக நின்று, சிறு சிறு குவளைகளில் காப்பி அருந்தியபடி உரத்த குரலில் அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். நம் ஊர் டீக்கடை வாசல்தான் நினைவுக்கு வந்தது!

உள்ளே அமர்ந்து உணவுப் பட்டியலைப் பிரித்தோம். ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் விழிப்பதைக் கண்ட பக்கத்து மேசை மூதாட்டி ஒருவர் புன்னகை செய்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். தனியாக அமர்ந்திருந்தார். "மிஹா, நான் சொல்லட்டுமா?" என்று என் மகளிடம் ஆங்கிலத்தில் கேட்டார். 'மிஹா' என்றால் 'என் மகளே' என்று பொருளாம். முன்பின் அறியாத பெண்ணை மகளே என்று அழைக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதை அப்போது அறிந்தேன்.

அவர் சொன்னபடியே உணவு வந்தது. முதலில் 'ரோப்பா வியெஹா'. இதன் பொருள் 'பழைய துணி'! மாட்டிறைச்சியை வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, தக்காளி, வெங்காயம், குடைமிளகாய் சேர்த்துச் சமைப்பார்கள். விருந்தினருக்கு அளிக்க ஒன்றுமில்லாத ஏழை ஒருவன் தன் பழைய துணிகளையே கிழித்துப் பானையில் போட்டு இறைவனை வேண்ட, அது இறைச்சிக் குழம்பாக மாறியது என்று ஒரு கதையுண்டு. அடுத்து, கறுப்பு நிறப் பயறும் வெள்ளைச் சோறும். அதன்பின் வந்தவற்றைக் கண்டு நான் வியந்தே போனேன். அவித்த மரவள்ளிக்கிழங்கு, அதன்மேல் பூண்டும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் எண்ணெயும் கலந்த சாறு. வாழைக்காயைத் துண்டாக்கி, பொரித்து, தட்டி நசுக்கி, மீண்டும் பொரித்த 'தொஸ்தோனெஸ்'. மரவள்ளியும் வாழையும் இருக்குமிடம் அந்நிய நாடாக இருக்க முடியுமா? ஒரு வாய் உண்டதும் நெஞ்சின் பாரம் சற்றே குறைந்தது.

"நீங்கள் எப்போது இங்கு வந்தீர்கள்?" என்று மூதாட்டியிடம் கேட்டேன். "1961இல். எனக்குப் பதினொரு வயது. தங்கைக்கு ஏழு. நாங்கள் இருவர் மட்டும்" என்றார். என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

தோழியரே, அவர் கூறியது வரலாற்றில் இடம்பெற்ற நிகழ்ச்சி. 1961இல் கியூபாவின் தனியார் பள்ளிகளும் கத்தோலிக்கப் பள்ளிகளும் அரசுடைமை ஆயின. எழுத்தறிவு இயக்கத்துக்காக இளைஞர்கள் வீட்டைவிட்டுத் தொலைவிலுள்ள கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். பிள்ளைகள்மீது பெற்றோருக்குள்ள உரிமையை அரசு எடுத்துக்கொள்ளப் போகிறது என்ற வதந்தியும் பரவியது. அத்தகைய சட்டம் ஒருபோதும் வரவில்லை. ஆயினும் பெற்றோரின் அச்சம் மெய்யானது. 1960 டிசம்பர் முதல் 1962 அக்டோபர் வரை 14,000க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரை, பெற்றோர் துணையின்றி மயாமிக்கு அனுப்பினார்கள். அயர்லாந்தில் பிறந்த அருட்தந்தை பிரயன் வால்ஷ் அவர்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றார். சிலர் உறவினர் வீடுகளுக்கும், மற்றவர்கள் பல மாநிலங்களிலிருந்த விடுதிகளுக்கும் இல்லங்களுக்கும் சென்றனர். 'பெத்ரோ பான்' என்று இத்திட்டத்துக்குப் பெயர் வழங்கலாயிற்று. சில மாதங்களில் சேர்ந்துவிடலாம் என்றே எல்லாரும் நம்பினர். 1962 அக்டோபரில் ஏவுகணை நெருக்கடி ஏற்பட்டு விமானப் போக்குவரத்து நின்றது. மாதங்கள் ஆண்டுகளாயின.

"ஹவானா விமான நிலையத்தில் கண்ணாடி அறை ஒன்று இருந்தது. அதை மீன்தொட்டி என்போம். நாங்கள் உள்ளே, அம்மா வெளியே. தங்கையின் கையை விடாதே என்று அம்மா சொன்னது குரலாகக் கேட்கவில்லை, உதட்டசைவில்தான் தெரிந்தது" என்றார் அவர்.

கன்னியர் நடத்திய இல்லம் ஒன்றில் இருவரும் வளர்ந்தார்கள். அன்புக்கும் உணவுக்கும் குறையில்லையாம். கறுப்புப் பயறும் சோறும் மட்டும் கிடைக்கவில்லையாம். 1966இல் வரதேரோவிலிருந்து வந்த விமானத்தில் தாயும் தந்தையும் வந்து சேர்ந்தனர். அதற்குள் தங்கை ஸ்பானிய மொழியை மறந்திருந்தாள். தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. "ஒரு மாதம் வரை அம்மா பரிமாறுவாள், தங்கை தட்டை நீட்டுவாள். அவ்வளவுதான் அவர்கள் பேச்சு" என்றார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள் நம் ஊரில். அங்கே தாயையும் பிள்ளையையும் இணைத்தவை வாயும் வயிறுமே அன்றோ!

"உங்களை அனுப்பியது சரிதானா என்று அம்மாவிடம் கேட்டதுண்டா?" என்றேன்.

அவர் சற்று யோசித்தார். "நான் கேட்டதில்லை. எனக்குக் குழந்தை பிறந்தபின் கேட்கத் தேவையும் ஏற்படவில்லை. ஆனால் என் தங்கை இன்றுவரை அதைப் பற்றிப் பேச மாட்டாள். இரண்டையும் சொன்னால்தான் உண்மை முழுமையாகும்" என்றார்.

சாப்பாடு முடிந்ததும் அவர் எங்களுக்காகக் காப்பி வரவழைத்தார். முதலில் இறங்கும் சில துளிக் காப்பியில் சர்க்கரையைப் போட்டு, நுரை வரும்வரை அடித்து, அதன்மேல் மீதியை ஊற்றுகிறார்கள். கெட்டியான, இனிப்பான காப்பி! 'கோலாதா' என்று ஒரே குவளையில் அது வரும். கூடவே விரல் நுனியளவுச் சிறு கிண்ணங்கள் சிலவும் வரும். ஒருவரே குடிப்பதற்காக அது தரப்படுவதில்லை, பகிர்ந்து குடிப்பதற்கே. மூதாட்டி மூன்று கிண்ணங்களில் ஊற்றினார். முதற் கிண்ணத்தை என் மகளிடம் நீட்டினார்.

அன்றிரவு நான் அடுக்கி வைத்திருந்த புத்திமதிகளில் ஒன்றையும் சொல்லவில்லை. "வாரத்தில் ஒரு நாளாவது நீயே சோறு பொங்கு. தனியாக இருப்பவர் யாரையாவது அழைத்து உட்கார வை" என்று மட்டும் சொன்னேன். "சரிம்மா" என்றாள். மறுநாள் விமான நிலையத்தில் இருவரும் அழுதோம், அதை மறைப்பானேன்? ஆயினும் நான் இறங்கும்போது அவள் குரல் கைப்பேசியில் காத்திருந்தது. அந்தக் கண்ணாடி அறைக்கு வெளியே நின்ற தாய்க்கு அந்த ஆறுதலும் இருந்திருக்காது.

சென்ற மாதம் மகள் தொலைபேசியில், "அம்மா, மரவள்ளிக்கிழங்கு அவித்தேன். பூண்டும் எலுமிச்சையும் ஊற்றினேன். வகுப்புத் தோழியர் இருவர் வந்தார்கள். கிழங்கு கொஞ்சம் கல்லாகவே இருந்தது, ஆனாலும் தீர்த்துவிட்டார்கள்!" என்று சிரித்தாள்.

விடுதியில் தங்கிப் படிக்கும் அன்புத் தங்கையரே! வீட்டை நினைத்து உணவு தொண்டையில் இறங்காத நாட்கள் உங்களுக்கும் உண்டு. நானும் இங்கு விடுதி மாணவியாக இருந்தவள்தான். அப்படிப்பட்ட நாளில் பக்கத்தில் அமர்ந்திருப்பவளின் தட்டைப் பாருங்கள். அவளும் உண்ணாமலிருக்கக் கூடும். உங்கள் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கில் பாதியை அவளிடம் நீட்டுங்கள். பெற்றோரே, பிள்ளையை அனுப்பும் துணிவு உங்களுக்கு எளிதில் வந்ததன்று என்பதை அவர்கள் ஒருநாள் உணர்வார்கள். சிலர் விரைவில், சிலர் தாமதமாக. அதுவரை அவர்களுக்காக அடுப்பில் ஒரு கைப்பிடி அரிசி கூடுதலாகவே வேகட்டும்.