பவுல் ஏற்ற பாக்கி

"அடிமைத்தனம் தப்புன்னு பைபிள் ஏன் பட்டுனு சொல்லலே?" என்று பாபநாசம் டீக்கடையில் ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்வி. எஜமானை விட்டு வந்த அடிமை ஒநேசிமுவை, அந்த எஜமான் பிலேமோனிடமே திருப்பியனுப்பியவர் பவுல். கூடவே ஒரு கடிதம்: 'இவனை அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள். பாக்கி இருந்தால் என் கணக்கில் எழுது.'

பி.காம். மூளைக்கு அந்தக் கடைசி வரிதான் உறைத்தது. நம் தஞ்சாவூர்ப் பண்ணையாளைக் கட்டிப்போட்ட கயிறும் கணக்கு நோட்டுதானே! அப்பன் கல்யாணக் கடனுக்கு மகன் ஏர் பிடித்தான். 1843 சட்டத்தில் அடிமை முறைக்கு அங்கீகாரம் போயிற்று, கடன் போகவில்லை. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கொத்தடிமைக் கடனையே ரத்து செய்தது 1976 சட்டம்.

'சகோதரா' என்று யாரும் கூப்பிடலாம் சார். பாக்கியை ஏற்க எத்தனை பேர் தயார்? ஊர்ப் பெயரில் மட்டும் பாபம் நாசமானால் போதுமா?