மோட்டாரை செல்போன் போடும்... மடையை யார் திருப்புவது?

எங்கள் கிணற்று மோட்டாரில் செல்போன் ஸ்டார்ட்டர் மாட்டி இரண்டு வருடமாகிறது. ராத்திரியில் மும்முனை மின்சாரம் வந்தால், பாம்புக்குப் பயந்துகொண்டே வரப்பில் நடக்க வேண்டியதில்லை. அது பெரிய நிம்மதி. ஆனால், பெட்டிக்குள் இருக்கும் சிம் கார்டுக்கும் ரீசார்ஜ் செய்ய வேண்டும். டவர் கிடைக்காத நாளில், கரன்ட் இருந்தும் கிணற்றுமேட்டுக்கு நடந்துதான் போக வேண்டும். ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தித் தகவல் சொல்லும். எலி வளை வழியே தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போவதைச் சொல்லாது. மடை திருப்ப ஆள் போயே ஆக வேண்டும்.

வாங்க நினைப்பவர்கள், முதலில் கிணற்றடியில் நின்று சிக்னல் பாருங்கள். பெட்டி 2ஜியா, 4ஜியா என்று கேட்டு, அதற்கேற்ற சிம் போடுங்கள். தண்ணீர் பாய்ச்சுவது வீட்டுப் பெண்கள் என்றால், அவர்கள் நம்பரையும் பதிவு செய்யுங்கள். பழைய பச்சை பட்டனை மட்டும் எப்போதும் வேலை செய்யும்படி வைத்திருங்கள்.