ஓனர் கம் பைலட்

2025 நவம்பரில் நார்த்தாமலை பக்கம், திருச்சி–புதுக்கோட்டை ரோட்டில் ஒரு சின்ன பயிற்சி விமானம் இறங்கியதை நம்ம மாவட்டத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சேலத்தில் இருந்து பறந்து வந்த செஸ்னா. நடுவானில் கோளாறு. நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிட்டார்கள். உள்ளே இருந்த ரெண்டு பேரும் உயிர் தப்பினார்கள்.

ரெண்டு நாளைக்கு ஓ.பி.யில் சுகர் மாத்திரை வாங்க வந்தவர்கள்கூட அதைத்தான் பேசினார்கள்.

அந்த வாரம்தான் டெக்சாஸில் இருந்து என் நண்பன் கூப்பிட்டான். விராலிமலையில் ஒன்றாகப் படித்தவன். இப்போது அங்கே இதய நோய் மருத்துவர்.

"மாப்ள, நம்ம ரோட்டுலயே பிளேன் இறங்கிருச்சாமே! சரி, நான் ஒரு ஜெட் வாங்கலாம்னு இருக்கேன்டா. நாலு பேர் பங்கு. பிள்ளைங்கள கூட்டிட்டு நானே ஓட்டிட்டுப் போகலாம். நீ என்ன சொல்ற?"

அவனுக்கு நாலு வருஷமாக பைலட் லைசென்ஸ் இருக்கிறது. ஒற்றை புரொப்பெல்லர் விமானம் ஓட்டுகிறான்.

எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. கொடும்பாளூர் மூவர் கோயில் புல்தரையில் உட்கார்ந்து, திருச்சிக்கு இறங்குகிற விமானங்களை அண்ணாந்து பார்ப்பதோடு சரி. ஆனால் விபத்து விசாரணை அறிக்கைகளை விரும்பிப் படிப்பேன். எங்கள் துறையில் பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் மரணத் தணிக்கை செய்வோம். எங்கே, யார், எந்த நிமிடத்தில் கோட்டை விட்டோம் என்று. விமான விபத்து அறிக்கைகள் அதற்கு அண்ணன்.

அதனால் அவனுக்கு எழுதிய பதிலையே இங்கே போடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்ல செய்தி. அவன் வாங்க நினைக்கும் ரகத்தில் ஒன்று சிரஸ் விஷன் ஜெட். ஒரே இன்ஜின், ஒரே பைலட் போதும். 2016ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. முழு விமானத்தையும் தாங்கி இறக்குகிற பாராசூட் உள்ளேயே இருக்கிறது. பைலட் மயங்கி விழுந்தால் பயணி ஒரு பட்டனை அழுத்தினால் போதும், விமானம் தானே ஓடுதளம் தேடி இறங்கும். அந்த வசதிக்கு 2020ல் அனுமதி கிடைத்தது. பொறியியலில் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

ஆனால் வேகத்தைக் கவனியுங்கள். ரோட்டில் இறங்கிய செஸ்னா ரகம் மணிக்கு சுமார் 220 கி.மீ. பறக்கும். இந்த ஜெட் சுமார் 550. எங்கள் ஊரில் இருந்து திருச்சி சுமார் 40 கிலோமீட்டர். செஸ்னாவில் போனால் யோசிக்க 11 நிமிடம் கிடைக்கும். ஜெட்டில் நாலரை நிமிடம்கூட இல்லை. அதற்குள் வானிலை, எரிபொருள், கட்டுப்பாட்டு அறையின் கட்டளை எல்லாவற்றையும் ஒரே மூளை பார்க்க வேண்டும்.

சரி, டாக்டர்களுக்கும் சின்ன விமானங்களுக்கும் ஒரு பழைய பகை உண்டு, தெரியுமா?

1947ல் பீச்கிராஃப்ட் பொனான்சா என்று ஒரு விமானம் வந்தது. வால் 'வி' வடிவில் இருக்கும். வேகமானது, அழகானது, விலை அதிகம். அமெரிக்காவில் அதை வாங்க முடிந்தவர்களில் டாக்டர்கள் நிறைய. காசு இருந்தது, பறந்து பழகத்தான் நேரம் இல்லை. விமானிகள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'பிளந்த வால் டாக்டர் கொல்லி'. வாலிலும் குறை இருந்தது, பிற்பாடு அதைப் பலப்படுத்தினார்கள். ஆனால் பெயரில் டாக்டர் வந்ததற்குக் காரணம் வால் இல்லை.

1954ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அதே பொனான்சாவை வைத்து ஒரு சோதனை நடந்தது. கருவிகளைப் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவுமே தெரியாத மேகச் சூழலைச் செயற்கையாக உண்டாக்கி ஓட்டச் சொன்னார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக எவ்வளவு நேரத்தில்? 178 நொடி. மூணு நிமிடம்கூட இல்லை.

இதற்குக் காரணம் நம்முடைய காது. உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றுக்குள் திரவம். தலை திரும்பினால் திரவம் அசையும், மூளைக்குத் தெரியும். ஆனால் மெதுவாக, தொடர்ந்து ஒரே பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் கூடவே ஓடப் பழகிவிடும். அப்புறம் மூளை "நேராகத்தான் போகிறோம்" என்று நம்பும். கண்ணுக்கு அடிவானம் தெரியாவிட்டால் இந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க கருவிகளைத் தவிர வேறு வழி இல்லை.

1999 ஜூலை 16 இரவு ஜான் எஃப். கென்னடி ஜூனியர் தன் சொந்த பைப்பர் விமானத்தில் மனைவியோடும் மனைவியின் அக்காவோடும் கிளம்பினார். கடலின் மேல் மங்கல், அடிவானம் தெரியவில்லை. திசை உணர்வு குழம்பி விமானம் கடலில் விழுந்தது. அறிக்கையில் ஒரு வரி என்னை உலுக்கியது. கூட வருகிறேன் என்று ஒரு பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். தனியாகவே போக விரும்புவதாக இவர் சொல்லிவிட்டார்.

இது புரொப்பெல்லர் விமானம்தானே, ஜெட்டுக்கு என்ன என்று நண்பன் கேட்பான். கேட்டான்.

2014 டிசம்பர் 8, மேரிலாண்ட், கெய்தர்ஸ்பர்க். எம்ப்ரேயர் ஃபீனம் 100, சின்ன ஜெட். ஓட்டியவர் அதன் சொந்தக்காரர். தொழிலால் மருத்துவர். மேகத்துக்குள் உறைபனிக் குளிர். இறக்கையில் படியும் பனிக்கட்டியை நீக்க ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் கூடுதல் வேகத்தில் இறங்கணும், நீளமான ஓடுதளம் வேணும். அவர் அதைப் போடவில்லை. இறங்கும் நேரத்தில் இறக்கை காற்றுப் பிடிப்பை இழந்து, ஓடுதளத்துக்கு முன்னால் இருந்த ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் மூன்று பேர். வீட்டுக்குள் ஒரு தாயும் அவருடைய இரண்டு சின்னப் பிள்ளைகளும். ஆறு பேரும் இறந்தார்கள்.

விமானம் கெட்டுப்போகவில்லை. ஒரு சுவிட்ச். பக்கத்தில் இன்னொரு பைலட் இருந்திருந்தால், "பனி நீக்கி போட்டாச்சா?" என்று ஒரு கேள்வி வந்திருக்கலாம்.

நம் நாட்டுக்கு வருவோம். ஜோத்பூர் மகாராஜா ஹன்வந்த் சிங், 1952 ஜனவரி 26. முதல் பொதுத்தேர்தல் நேரம். தன் விமானத்தைத் தானே ஓட்டிப்போய் மனைவியோடு விழுந்து இறந்தார். முடிவு வந்தபோது அவர் ஜெயித்திருந்தார், ஆள் இல்லை. 1980 ஜூன் 23, டெல்லி, சஞ்சய் காந்தி. சொந்த விமானம் இல்லை, கூட பயிற்சியாளரும் இருந்தார். இருவருமே இறந்தார்கள். பிரதமரின் மகனிடம் "வேண்டாம்" என்று சொல்வது எவ்வளவு சுலபம், யோசித்துப் பாருங்கள்.

அப்போ முதலாளி ஓட்டவே கூடாதா? ஜே.ஆர்.டி. டாட்டா இருக்கிறாரே! 1929ல் இந்தியாவின் முதல் பைலட் லைசென்ஸ் அவருடையது. 1932ல் கராச்சியில் இருந்து பம்பாய்க்குத் தபாலோடு ஓட்டி வந்தார். அங்கிருந்து மெட்ராஸ் வரை கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். 1982ல், 78 வயதில், ஜே.ஆர்.டி. அதே கராச்சி–பம்பாய் பயணத்தை மறுபடி ஓட்டிக் காட்டினார். 89 வயது வரை வாழ்ந்தார். அவருக்குப் பறப்பது வார இறுதிப் பொழுதுபோக்காக இருக்கவில்லை.

இப்போது என் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிது, ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், நைட் டூட்டி. தலைப்பிரசவம். வலி நன்றாக இருக்கிறது, குழந்தையின் தலை இறங்கவில்லை. ரெஃபர் பண்ணினால் "இந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியல" என்று ஊர் சொல்லுமே என்று உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு.

"இன்னும் அரை மணி நேரம் பார்க்கலாம் சிஸ்டர்" என்றேன்.

"சார், அரை மணி முன்னாடியும் இதேதான் சொன்னீங்க. 108 வாசல்ல நிக்குது. நீங்க லெட்டர் மட்டும் எழுதிக் குடுங்க."

எனக்குக் கோபம் வந்தது. எழுதிக் கொடுத்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் உடனே சிசேரியன். குழந்தை கொஞ்சம் தாமதமாகத்தான் அழுதது, ஆனால் அழுதது. இன்னும் அரை மணி நேரம் நான் பார்த்திருந்தால்? இன்று வரை அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று என்னிடம் அறிவு குறைவாக இல்லை. பாதி வழி வந்துவிட்டோம், முடித்துவிடலாம் என்ற பிடிவாதம்தான் இருந்தது. விபத்து அறிக்கைகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் அதைத்தான். டாக்டரிடம் அது அதிகம். நாள் முழுக்க நாம் சொல்வதற்கு எல்லோரும் தலையாட்டுகிறார்கள் இல்லையா?

அதனால் நண்பனுக்கு என் பதில்: பாதுகாப்பாக ஓட்ட முடியும். ஆனால் மூன்று நிபந்தனை.

ஒன்று, ஜெட்டுக்குத் தனித் தகுதிப் பயிற்சி கட்டாயம், அது உனக்கே தெரியும். அதோடு நிறுத்தாதே. முதல் வருஷம் முழுக்க அனுபவமுள்ள பைலட் ஒருவர் பக்கத்து சீட்டில் இருக்கட்டும்.

இரண்டு, வாரா வாரம் பறக்க நேரம் இல்லை என்றால் வாங்காதே. கை மறந்த டாக்டரை நீ ஆபரேஷன் தியேட்டருக்குள் விடுவாயா?

மூன்று, "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரத்தை வேறொருவருக்குக் கொடு. உன் மனைவியாகக்கூட இருக்கலாம். அவர் சொன்னால் விவாதம் இல்லை, சாவியைக் கீழே வை.

நீங்களும் நானும் ஜெட் வாங்கப் போவதில்லை. ஆனால் கல்யாண வீட்டில் இருந்து நடுராத்திரி 2 மணிக்கு, "விடியறதுக்குள்ள போயிடலாம்" என்று காரை எடுக்கிறோம். திருச்சி–மதுரை நான்குவழிச் சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. அப்படிக் கிளம்பிய ஓனர் கம் டிரைவர்களை விடியற்காலையில் பார்ப்பது எங்களைப் போன்றவர்கள்தான். பக்கத்தில் இருப்பவர் "தூங்கிட்டுப் போகலாம்" என்றால், தயவுசெய்து கேளுங்கள்.

நண்பனுக்கு நேற்று இரவு இதை அனுப்பினேன். படித்துவிட்டான், நீல டிக் விழுந்துவிட்டது. காலையில் ஒரு வரி வந்தது: "மூணாவதுதான்டா கஷ்டம்."